நாடி பிடிப்பவரும் கை பார்ப்பவளும்

பழைய தமிழ் சினிமாவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. வீட்டுப் பெண் தலைசுற்றி விழுவாள். குடும்ப டாக்டர் தோல்பெட்டியோடு வருவார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடிப்பார். அப்புறம் எழுந்து, அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருக்கும் அப்பா, அம்மா, மாமியார், அண்ணன் எல்லோரையும் பார்த்துச் செய்தியைச் சொல்வார். கல்யாணமான பெண் என்றால் பின்னணியில் நாதஸ்வரம். கல்யாணம் ஆகாத பெண் என்றால் இடி, மின்னல்.

நாடி பிடித்தே கர்ப்பத்தைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டு இந்தக் காட்சியை நிறையப் பேர் கேலி செய்துவிட்டார்கள். சரியான கேலிதான். ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கிறதா என்று சிறுநீரிலோ ரத்தத்திலோ பார்த்துத்தான் சொல்லுவார். ஆனால் அந்தக் காட்சியில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேலி செய்து நான் பார்த்ததில்லை. டாக்டர் செய்தியை யாரிடம் சொல்கிறார்? நோயாளியைத் தவிர மற்ற எல்லோரிடமும். அவள் கட்டிலில் படுத்திருக்கிறாள். அவள் உடம்பைப் பற்றிய செய்தி அவளுக்குத்தான் கடைசியில் போய்ச் சேருகிறது.

இதை நாம் தப்பாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம், நிஜ வாழ்க்கையிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கிறது என்பது. குடும்ப டாக்டர் என்ற சொல்லில் நோயாளி யார் என்று பாருங்கள். குடும்பம்தான் நோயாளி. பதினாறு வயதுப் பெண்ணோ பத்தொன்பது வயதுப் பையனோ அந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பு, அவ்வளவுதான். கை வலித்தால் கையா டாக்டரிடம் பேசும்?

எங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து யோசிக்கும்போது இந்த விஷயத்துக்கு ஒரு பழைய சாட்சி கிடைக்கிறது. திருக்குற்றாலக் குறவஞ்சி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது, 18ஆம் நூற்றாண்டு. அதை எல்லோரும் இயற்கை வருணனைக்காகவும் சந்தத்துக்காகவும் படிக்கிறோம், பள்ளிக்கூடத்தில் மலைவளப் பாட்டை மனப்பாடம் செய்கிறோம். நான் அதை ஓர் இளம்பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போன கதையாக வாசித்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் சங்க இலக்கியத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும். குறவஞ்சி எதை மாற்றியது என்பது அப்போதுதான் தெரியும்.

வேலன் வந்த வீடு

அகப்பாடல்களில் தலைவிக்கு உடம்பு மெலிகிறது, வளை கழல்கிறது, நெற்றியில் பசலை படர்கிறது. காரணம் காதல். அம்மாவுக்கு அது தெரியாது. மகளுக்கு என்னமோ ஆகிவிட்டதே என்று பதறிப் போய் வேலனைக் கூப்பிடுகிறாள். வேலன் கழங்கு போட்டுப் பார்த்து, இது முருகன் அணங்கியதால் வந்த நோய் என்கிறான். ஆட்டுக்குட்டி பலி, வெறியாட்டு, இரவெல்லாம் ஆட்டம். கட்டுவிச்சி என்றால் நெல்லை எண்ணிப் பார்த்துக் குறி சொல்லுவாள். ஆள் மாறுகிறது, முறை ஒன்றுதான். கேள்வி கேட்பது அம்மா, பதில் சொல்வது வேலன். நோயாளியிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

சங்கப் புலவர்களுக்கு இதில் இருக்கும் அபத்தம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனையே திட்டுகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று உனக்கே தெரியும், தெரிந்தும் கூப்பிட்டார்கள் என்று வந்து நிற்கிறாயே, கடவுளாக இருந்தாலும் உனக்குப் புத்தி இல்லை என்கிற தொனி. குறுந்தொகை 23இல் ஔவையாரின் தோழி இன்னும் நாசூக்கு. குறி சொல்கிறவள் மலைகளைப் பாடிக்கொண்டு வரும்போது ஒரு மலையின் பேர் வந்ததும், அதையே இன்னொரு தடவை பாடு என்கிறாள். அம்மா கூட இருக்கும்போதே, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்காத மாதிரி ஒரு செய்தி வெளியே வருகிறது.

இலக்கணக்காரர்கள் இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பேர் வைத்து ஒரு வரிசையும் வகுத்தார்கள். தலைவி தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்கு. செவிலி நற்றாய்க்கு. நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும். காதலுக்கான இலக்கணமாகத்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு இது ரகசியத்துக்கான இலக்கணமாகவும் தெரிகிறது. செய்தி யாருக்குச் சொந்தம், யாரிடம் தொடங்கி எந்தப் படியில் இறங்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. முதல் படி எப்போதும் அந்தப் பெண்தான். நம்ம கலாச்சாரத்தில் தனி ரகசியம் என்பதெல்லாம் கிடையாது, அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிங்கி என்ன செய்தாள்

இப்போது குற்றாலத்துக்கு வருவோம். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி, பவனி வரும் திரிகூடநாதரைப் பார்த்து மையல் கொள்கிறாள். உடம்பு கொதிக்கிறது. சந்தனம் பூசியும் அடங்கவில்லை. நிலவைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள். அப்போது வீதியில் குறத்தி வருகிறாள், சிங்கி.

அடுத்து நடப்பதை நிதானமாகப் பாருங்கள். சிங்கி வந்தவுடன் கையைப் பிடித்துவிடவில்லை. முதலில் வசந்தவல்லி அவளைக் கேள்வி கேட்கிறாள். உன் மலை எப்படி, நாடு எப்படி, உன் தொழில் என்ன? சிங்கி சொல்கிறாள். குரங்கு பழம் பறித்துக் கொஞ்சுவதில் ஆரம்பித்து ஊர் உலகமெல்லாம் போகிறது பேச்சு. நாம் மலைவளம், நாட்டுவளம் என்று தலைப்புப் போட்டு அழகுக்காகப் படிக்கிற பகுதி முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உடம்பு சரியில்லாத ஒருத்தி, தன்னைப் பார்க்க வந்திருப்பவள் யார் என்று விசாரிக்கிற பேச்சு அது. வந்தவள் தன்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறாள். நோயைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கிடையாது.

அப்புறம்தான் தரை மெழுகி, கோலம் போட்டு, பிள்ளையார் வைத்துக் குறி. சிங்கி வசந்தவல்லியின் கையைப் பார்த்து அவளிடமே சொல்கிறாள், இது ஆசையால் வந்த காய்ச்சல் என்று. வசந்தவல்லிக்குக் கோபம் வந்துவிடுகிறது. கன்னிப் பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்று சீறுகிறாள். சிங்கி பயந்து பின்வாங்கவில்லை, பதிலுக்குத் திட்டவும் இல்லை, புத்திமதியும் சொல்லவில்லை. அப்படியானால் அவன் யார் சொல் என்று கேட்டதும், நேரடியாகப் போட்டு உடைக்காமல் குறிப்பாகச் சொல்கிறாள்.

சங்க வெறியாட்டோடு ஒப்பிட்டால் மூன்று மாற்றங்கள். கேள்வி கேட்பது நோயாளி. பதில் போவதும் நோயாளிக்கு. கண்டுபிடித்த காரணத்தை வைத்துச் சிங்கி அவளுக்குத் தீர்ப்பு எழுதவில்லை. பக்தி, சிருங்காரம், நகைச்சுவை எல்லாம் கலந்த ஒரு நாடகத்தை மருத்துவப் பாடமாக்குவது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். சிங்கிக்கு நோக்கம் கூலி. கடைசியில் நகைகளாக வாங்கிக்கொண்டு போகிறாள், சிங்கன் அதைப் பார்த்து மலைத்துப் போகிறான். அவள் சொன்ன குறி பலிக்க வேண்டும் என்பது கவிராயர் போட்ட கணக்கு. ஆனாலும் ஓர் இளம்பெண் தன் நோயைப் பற்றி ஓர் அந்நியரிடம் எப்படிப் பேசத் தொடங்குவாள் என்பது அந்த மேலகரத்துக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அது இன்று நம் கிளினிக்குகளில் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

டோக்கன் நம்பர் பதினேழு

தென்காசியில் ஒரு கிளினிக். எந்தக் கிளினிக் என்று தேட வேண்டாம், தமிழ்நாட்டில் எந்தச் சிறிய ஊரிலும் இருக்கக்கூடியது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம். சாரல் காலம் என்றால் சளி, காய்ச்சல் என்று திண்ணை வரைக்கும் ஆள். டோக்கன் கூப்பிட்டதும் அம்மாவும் மகளும் உள்ளே போவார்கள். கதவு என்று பேருக்கு ஒரு திரைச்சீலை. உள்ளே ஏற்கெனவே ஒருவர் ஊசி போட்டுக்கொண்டிருப்பார், அடுத்த டோக்கன்காரர் திரைக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

"பிள்ளைக்கு ரெண்டு மாசமா சோறே இறங்க மாட்டேங்கு டாக்டர். ராத்திரி முழுக்க போனு. சொன்னா கேக்கவே மாட்டேங்கா."

"ஏன்மா, அம்மா சொல்றத கேக்கக் கூடாதா? இப்ப எந்த வருஷம் படிக்க?"

"செகண்ட் இயர்."

"பீரியட்ஸ்லாம் ஒழுங்கா வருதா?"

"அதெல்லாம் கரெக்டா வந்துரும் டாக்டர்." இதைச் சொன்னது அம்மா.

"ரத்தம் கம்மியா இருக்கும்னு நினைக்கேன். டெஸ்ட் ஒண்ணு எழுதுறேன், டானிக் தாரேன். போனைக் குறைக்கணும், என்ன?"

"ம்."

மூன்று நிமிஷம். அந்தப் பெண் பேசியது எத்தனை வார்த்தை என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் கெட்டவர் இல்லை. நல்லவர், அதிகம் வாங்காதவர், ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர். சொன்ன மருத்துவமும் பொருத்தமாகவே இருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆனால் ரெண்டு மாசமாகச் சோறு இறங்காததற்கு ரத்தம் கம்மி என்பது ஒரு காரணமாக இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். ராத்திரி முழுக்க போன் என்பது போன் பைத்தியமாக இருக்கலாம், தூக்கம் வராததால் கையில் எடுத்த போனாகவும் இருக்கலாம். யாராவது அந்தப் போனில் மிரட்டிக்கொண்டும் இருக்கலாம். இதில் எது என்று அறிய ஒரே வழி அவளைக் கேட்பது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் வரும் பதில் "ம்"தான்.

நம் ஊரில் நல்ல டாக்டரைப் பாராட்ட மூன்று அளவுகோல் வைத்திருக்கிறோம். ஃபீஸ் கம்மி. கைராசி. நம்ம வீட்டு ஆள் மாதிரி பழகுவார். வடசென்னையில் 5 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் காலமானபோது ஊரே திரண்டு அழுதது. அழ வேண்டியதுதான், ஏழைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. 'மெர்சல்' படம் ஐந்து ரூபாய் டாக்டரைக் கதாநாயகனாக்கியதும் அந்த மரியாதையால்தான். ஆனால் இந்த மூன்று அளவுகோலும் ஃபீஸ் கொடுக்கிறவரின் அளவுகோல். பதினேழு வயசுக்காரருக்கு ஃபீஸ் பிரச்சினை இல்லை, அதை அப்பா கொடுத்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி: நான் சொன்னது இந்த அறையை விட்டு வெளியே போகுமா? மூன்றாவது அளவுகோல் இந்தக் கேள்விக்கு நேர் எதிரி. நம்ம வீட்டு ஆள் மாதிரி என்றால், வீட்டு ஆள் மாதிரியே போய்ச் சொல்லியும் விடுவார் இல்லையா? டாக்டர் சொல்லாவிட்டாலும் பக்கத்துத் தெரு நர்ஸக்கா இருக்கிறாள். சீட்டை வாங்கி மாத்திரைப் பேரைச் சத்தமாகப் படிக்கிற மெடிக்கல் அண்ணன் இருக்கிறார்.

வெளியூர்க்காரர்களின் செல்வாக்கு

இப்படிக் கதவு அடைபட்டால் இளம்வயசுக்காரர்கள் என்ன செய்வார்கள்? வெளியூர்க்காரரைத் தேடுவார்கள். சிங்கியின் பலமே அவள் வெளியூர்க்காரி என்பதுதான். வந்தாள், கை பார்த்தாள், போய்விட்டாள். வசந்தவல்லி நாளைக்கு அவளைக் கடைத்தெருவில் பார்க்க வேண்டியதில்லை.

கொஞ்சம் வசதியும் துணிச்சலும் இருக்கிறவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பக்கம். அங்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. அந்தத் தெரியாமைக்காகவே அரை நாளைச் செலவழிக்கிறவர்கள் உண்டு. வசதி இல்லாதவர்களுக்கு வேறு ஊர் மெடிக்கல். கர்ப்பம் பார்க்கும் கிட்டை நாப்கினைப் போலவே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள், கேள்வி கிடையாது, ஆலோசனையும் கிடையாது.

பையன்கள் கதை இன்னும் பரிதாபம். ராத்திரி டிவியில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இளைஞர்களே" என்று ஆரம்பிக்கும் வைத்தியர்களைப் பார்த்திருப்பீர்கள். சிறுவயதில் தெரியாமல் செய்த தப்பு, நரம்புத் தளர்ச்சி, கல்யாண வாழ்க்கை பாழ். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் இருப்பார். சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வராது என்பதை எந்த எம்.பி.பி.எஸ். டாக்டரும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காததால்தான் பத்தொன்பது வயதுப் பையன் சேர்த்து வைத்த ஆயிரங்களை ஒரு லாட்ஜ் அறையில் கொண்டுபோய்க் கொடுத்து லேகியம் வாங்குகிறான். அந்த வைத்தியரிடம் மருந்து இருக்கிறதோ இல்லையோ, குடும்ப டாக்டரிடம் இல்லாத இரண்டு சரக்கு இருக்கிறது. அவர் தனியாகப் பேசுவார். அடுத்த நாள் ஊரைவிட்டுப் போய்விடுவார்.

மனசு சம்பந்தப்பட்டது என்றால் எங்கள் பக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு. குற்றாலத்து அருவியில் தொடர்ந்து குளித்தால் சித்தம் தெளியும் என்பது பழைய நம்பிக்கை. வெளியூரிலிருந்தும் இதற்காகவே கூட்டிவந்தவர்கள் உண்டு. அருவியில் தலையைக் காட்டினால் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கும், நானும் காட்டுகிறவன்தான். ஆனால் செத்துப் போகலாம் என்று ஆறு மாசமாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அருவியும் வேலனும் ஒன்றுதான். இரண்டும் அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்பதில்லை.

வெளியூர்க்காரரால் ரகசியம் கிடைக்கும், தொடர்ச்சி கிடைக்காது. அந்தப் பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்கு ஆஸ்துமா, சித்தி தற்கொலைக்கு முயன்றவர் என்பதெல்லாம் குடும்ப டாக்டருக்குத்தான் தெரியும். அந்த அறிவோடு ரகசியமும் சேர்ந்தால் அதைவிட நல்ல டாக்டர் ஓர் இளம்வயசுக்காரருக்கு இல்லை. ஆகக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த டாக்டர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார், அவரிடம் மட்டும் பேச முடியாது. நஷ்டம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

அம்மாவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும், சட்டமே அப்படித்தானே என்று கேட்பார்கள். சட்டத்தைப் பார்த்துவிடலாம்.

மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. விதிவிலக்குகள் சில உண்டு. நீதிமன்றம் உத்தரவிட்டால், குறிப்பிட்ட ஒரு நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருந்தால், அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோயாக இருந்தால். 'அம்மா கேட்டால்' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண் சட்டப்படி முழு ஆள். அவள் ரிப்போர்ட்டை அவளைக் கேட்காமல் அம்மாவிடம் கொடுப்பது பழக்கம், சட்டம் கிடையாது.

பதினெட்டுக்குக் கீழே நிலைமை சிக்கல். சிகிச்சைக்குப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் கேட்கிறார்கள். அதோடு 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் டாக்டர் உட்பட எவரும் புகார் தெரிவித்தாக வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கு இது பாதுகாப்பு. ஆனால் பதினேழு வயதுக்காரர்கள் இருவர் விரும்பிப் பழகியதையும் சட்டம் அதே கண்ணால்தான் பார்க்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்ற செய்தி பிள்ளைகளிடம் சீக்கிரம் பரவிவிடும், அப்புறம் அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலைக் கவனித்திருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று கருக்கலைப்புச் சட்டம் பற்றிச் சொன்ன தீர்ப்பில், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் டாக்டர் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. திருமணமாகாத பெண்களையும் திருமணமானவர்களையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றதும் அதே தீர்ப்புதான். நல்ல தீர்ப்பு. ஆனால் பாதுகாவலரோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்பதால், வீட்டில் சொல்ல முடியாதவளுக்கு இதிலும் வழி இல்லை.

பிரிட்டனில் இதே கேள்வியை 1985இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்த்தது. பதினாறு வயதுக்குக் கீழே இருந்தாலும், சிகிச்சையைப் பற்றி முழுதாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் அந்தப் பிள்ளை தானே சம்மதம் தரலாம். டாக்டர் வீட்டில் சொல்லச் சொல்லி அவளைத் தூண்ட வேண்டும், ஆனால் அவளை மீறிச் சொல்லிவிடக் கூடாது. நம் அறத்தொடு நிற்றல் வரிசையில் தோழியின் இடம் கிட்டத்தட்ட இதுதான். அவள் தலைவியை மீறிப் போய்ச் சொல்லமாட்டாள், ஆனால் செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வழி பார்ப்பாள்.

சில எதிர்வாதங்கள்

அம்மாவை வில்லியாக்குகிறாயா என்று கேட்கலாம். இல்லை. வேலைக்கு லீவு போட்டு, டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து கூட்டிவருகிறவள் அவள்தான். கூடவே அம்மா இருந்தால்தான் பேச்சு வரும் என்கிற பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் முடிவைப் பிள்ளையிடம் விட வேண்டும் என்கிறேன். "அம்மா இருக்கட்டுமா, கொஞ்சம் வெளிய இருக்கட்டுமா?" என்று பிள்ளையை அம்மா முன்னாலேயே கேட்கக் கூடாது. அதற்கும் "ம்"தான் பதில் வரும். எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம் என்று டாக்டரே பொது விதியாக்கிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. உன் பிள்ளை மேல் சந்தேகம் என்று அம்மாவும் நினைக்கமாட்டாள்.

பெண்பிள்ளையை ஆண் டாக்டரோடு தனியே எப்படி விடுவது? நியாயமான பயம். தனியாக என்றால் குடும்பம் இல்லாமல் என்று பொருள், சாட்சி இல்லாமல் என்று பொருள் இல்லை. பெண் நர்ஸ் ஒருவர் கூட இருக்க வேண்டும், அந்த நர்ஸுக்கும் ரகசியம் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எல்லா ரகசியத்தையும் காப்பேன் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கலாமா? கூடாது. உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, சட்டம் கட்டாயப்படுத்தினாலோ சொல்ல வேண்டியிருக்கும், சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்று ஆரம்பத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். பிள்ளைகள் இந்த நிபந்தனையைப் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்குப் பொறுக்காதது பின்னால் தெரியவரும் துரோகம்.

நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. ஒரு சாயங்காலத்தில் அத்தனை டோக்கன் பார்க்கிற டாக்டரிடம் அரை மணி நேரம் கேட்க முடியாது. ஆனால் பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஒரு முறை இருக்கிறது. உலகம் முழுக்க இளம்வயது மருத்துவத்தில் 'ஹெட்ஸ்' என்ற ஒரு கேள்வி வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதை, பாலுறவு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் என்ற வரிசை. எளிதில் ஆரம்பித்துக் கடினத்துக்குப் போகும். வீட்டில் யார் யார் இருக்கீங்க என்று கேட்டுத்தான் சாகணும்னு தோணியிருக்கா என்ற இடத்துக்கு வருவார்கள். மலைவளம் முதலில், குறி பின்னால். மேலகரத்துக் கவிராயர் போட்ட வரிசையும் இதுதான். முதல் நாளே எல்லாவற்றையும் கேட்க வேண்டியதும் இல்லை. ஐந்து நிமிஷம் போதும். அடுத்த தடவை தானே வந்து பேசுவதற்கான கதவு திறந்துவிடும்.

அரசாங்கம் சும்மா இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரி 7 அன்று தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக, உடல்நலம், மனநலம், போதை, வன்முறை என்று ஆறு தலைப்புகளில் வேலை செய்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவர்களுக்கென்று ஆலோசனை மையங்கள் வைப்பது அதில் ஒரு பகுதி. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது, காசு கிடையாது, எந்நேரமும் பேசலாம். லாட்ஜ் வைத்தியருக்குப் பதிலாக ஒரு நல்ல வெளியூர்க்காரர் வேண்டும் என்றால் இப்போதைக்கு அந்த எண்தான். எனக்கு இருக்கும் விமரிசனம் ஒன்று. 'வளரிளம் பருவ மையம்' என்று தனியே பலகை வைத்த அறைக்குள் நுழைவதே ஓர் அறிவிப்பு ஆகிவிடுகிறது. சின்ன ஊரில் அந்த வாசலில் நின்றாலே கதை கிளம்பிவிடும். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் எல்லோரும் போகிற அதே டாக்டரிடம், அதே டோக்கனில் இது நடந்தால்தான் யாருக்கும் தெரியாது.

எனவே கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. தென்காசியில், குற்றாலத்தில், செங்கோட்டையில், கடையநல்லூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் மூன்று காரியம் செய்யலாம். திரைச்சீலை இருக்கும் இடத்தில் ஒரு கதவு. "பதின்வயதுப் பிள்ளைகளிடம் டாக்டர் சிறிது நேரம் தனியாகப் பேசுவார், இது எல்லோருக்கும் பொது" என்று காத்திருக்கும் இடத்தில் ஓர் அட்டை. ரிப்போர்ட் வந்ததும் முதலில் அதை யார் உடம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்களோ அவர் கையில் கொடுப்பது.

மூன்றாவதற்குச் செலவே கிடையாது. நாளைச் சாயங்காலம் முதல் டோக்கனிலிருந்தே ஆரம்பித்துவிடலாம்.